அட்டை உண்டு, சட்டம் இல்லை: அகதிப் பெண் எந்தக் கதவைத் தட்டுவாள்?

சனிக்கிழமை காலைகளில் ஜார்ஜ்டவுனிலிருந்து பெரி ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடிப்பேன். ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகள். அங்கேதான் ரோஹிங்யா பிள்ளைகளுக்கான கற்றல் மையம் ஒன்று நடக்கிறது. அகதிப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது என்பதால் இப்படிப்பட்ட மாடி அறைகள்தாம் அவர்களுடைய பள்ளிக்கூடம். கடந்த ஆண்டு முதல் வாரத்தில் ஒரு நாள் அங்கே கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன்.

என் வகுப்பில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பின்னக் கணக்கில் கெட்டிக்காரி. நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையை முணுமுணுத்துவிடுவாள். மூன்று வாரம் தொடர்ந்து அவளைக் காணவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். நான்காவது வாரம் மையத்தின் ஆசிரியரிடம் கேட்டேன். அவரும் ரோஹிங்யாதான். "கல்யாணம் பேசிவிட்டார்கள், தங்கச்சி" என்றார் மலாயில்.

"போலீசில் சொல்லலாமே, பதினான்கு வயதுதானே?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சொல்லலாம். போலீஸ் வந்தால் முதலில் என்ன கேட்பார்கள்? பாஸ்போர்ட். அவள் அம்மாவிடம் அட்டைகூட இல்லை" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. அடுத்த வகுப்பு காத்திருந்தது.

அந்தப் பெண்ணின் கதையை நான் எழுதப் போவதில்லை. அவளை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இதில் இருக்காது. ஆனால் அன்று திரும்பி வரும்போது ஒரு கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. இனத்தின் பெயரால் துரத்தப்பட்டால் அகதி என்கிறோம். மதத்தின் பெயரால் துரத்தப்பட்டாலும் அகதி என்கிறோம். பெண்ணாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒருத்தி துன்புறுத்தப்பட்டு ஓடி வந்தால், சட்டம் அவளை என்னவென்று அழைக்கும்?

பதில் தேடி நூலகத்தில் உட்கார்ந்தபோது முதலில் கையில் கிடைத்தது 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வீடிழந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1967ஆம் ஆண்டு கூடுதல் ஒப்பந்தம் வந்த பிறகுதான் காலம், நிலப்பரப்பு என்ற வரம்புகள் நீங்கின. துன்புறுத்தலுக்கு ஐந்து காரணங்களை அது சொல்கிறது: இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவில் அங்கம் வகித்தல், அரசியல் கருத்து. பாலினம் என்ற சொல் அங்கே இல்லை.

மறந்துபோய் விட்டுவிடவில்லை. ஒப்பந்தத்தை இறுதி செய்த மாநாட்டில், பாகுபாடு காட்டக்கூடாது என்ற பிரிவில் பாலினத்தையும் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. பெண் என்பதற்காக யாரும் துன்புறுத்தப்படும் வழக்கு ஒன்று இருக்குமா என்றே அப்போதைய முதல் அகதிகள் உயர் ஆணையர் ஹெவன் கூட்ஹார்ட் சந்தேகம் தெரிவித்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதைச் சொல்லாமல் இந்தப் பத்தியைத் தாண்ட எனக்கு மனமில்லை.

முன்வாசல் சாத்தப்பட்டதால் பெண்கள் பின்வாசலைத் தேட வேண்டியதாயிற்று. 'குறிப்பிட்டதொரு சமூகக் குழு' என்ற நான்காவது காரணம்தான் அந்தப் பின்வாசல். சமூகக் கட்டுப்பாட்டை மீறியதற்காகத் தண்டிக்கப்படும் பெண்களை இப்படியொரு குழுவாக நாடுகள் கருதலாம் என்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் செயற்குழு 1985இல் சொன்னது. 'கருதலாம்' என்றுதான் சொன்னது, 'கருத வேண்டும்' என்று அல்ல. 1993இல் கனடா, பெண் விண்ணப்பதாரர்களுக்கென்றே தனி வழிகாட்டியை வெளியிட்டது. அந்த வகையில் அது முன்னோடி நாடு.

இந்தச் சட்ட வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1999ஆம் ஆண்டு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பு. பாகிஸ்தானைச் சேர்ந்த இரண்டு பெண்கள். தகாத உறவு என்று பழி சுமத்தப்பட்டு கணவர்களால் வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள். திரும்பிப் போனால் உயிருக்கே ஆபத்து. எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது: அடிப்பவன் கணவன், அரசாங்கம் அல்ல, இது குடும்பச் சண்டை, அகதிப் பிரச்சினை அல்ல.

இந்த வாதத்தை நம் ஊரிலும் கேட்டிருக்கிறோம் அல்லவா? அடுத்த வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று நாம் சன்னலை மூடிக்கொள்வதும் இதே வாதம்தான்.

நீதிபதி ஹொஃப்மன் பிரபு அதற்குத் தந்த விளக்கத்தை எந்த மாணவரும் புரிந்துகொள்ளலாம். நாஜி ஜெர்மனியில் ஒரு யூதர் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக் கடைக்காரன் ஆள் வைத்து அவர் கடையை அடித்து நொறுக்குகிறான். அவனுடைய நோக்கம் வியாபாரம். ஆனால் அவனுக்கு அந்தத் துணிச்சல் எப்படி வந்தது? அடிபட்டவர் யூதர், போலீஸ் வராது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே கடைக்காரர் தம் இனத்தின் பெயரால்தான் துன்புறுத்தப்படுகிறார். இதே அளவுகோலால் பார்த்தால், மனைவியை அடிக்கும் கணவனுக்கும் அவள் பெண் என்பதால் அரசு காப்பாற்றாது என்ற நம்பிக்கை இருக்கிறது. ஒருவன் செய்யும் கொடுமையும் அதைத் தடுக்க மறுக்கும் அரசும் சேர்ந்தால் அதுதான் துன்புறுத்தல். அந்தப் பெண்கள் இருவரும் வென்றார்கள்.

ஆனால் பின்வாசலில் ஒரு சிக்கல் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் மறுபடி பூட்டலாம். அமெரிக்காவில் அதுதான் நடந்தது. கணவனின் வன்கொடுமையிலிருந்து தப்பி வந்த குவாத்தமாலா பெண் ஒருவருக்கு 1996இல் நீதிபதி தஞ்சம் வழங்கினார். 1999இல் மேல்முறையீட்டு வாரியம் அதைப் பறித்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2009 டிசம்பரில்தான் அவருக்கு முடிவு கிடைத்தது. இன்னொரு வழக்கில், 2018இல் சட்டத்துறைத் தலைவர் ஜெஃப் செஷன்ஸ் குடும்ப வன்முறை பொதுவாகத் தஞ்சத்துக்குக் காரணமாகாது என்று முடிவெழுதினார். 2021இல் பின்னர் வந்த ஒருவர் அதை நீக்கினார். ஆட்சி மாறியதும் 2025இல் மறுபடியும் பழைய பக்கமே திரும்பியிருக்கிறது. சட்டத்தில் ஒரு சொல் இல்லாமல் போனதற்கு விலை இதுதான். அந்தப் பெண்கள் பட்ட அடி மாறவில்லை. வாஷிங்டனில் நாற்காலியில் இருப்பவர் மாறினார், அவ்வளவே.

ஐரோப்பா எதிர்த்திசையில் நடந்தது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒரு நாட்டின் பெண்கள் அனைவரையுமே சமூகக் குழுவாகக் கொள்ள முடியும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்கானியப் பெண்களைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொன்னது: அவர்கள் ஆப்கானியர், பெண்கள் என்ற இரண்டையும் பார்த்தாலே போதும், தனித்தனியாகக் கொடுமையை மெய்ப்பிக்கத் தேவையில்லை.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 1996 செப்டம்பரில், யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையின் வேதியியல் தாளை எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் பிடித்து வைத்தார்கள். பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு கொன்று புதைத்தார்கள். தேடிப் போன தாயும் தம்பியும் அண்டை வீட்டுக்காரரும் உயிரோடு திரும்பவில்லை. 1998இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னதிலிருந்துதான் செம்மணிப் புதைகுழி விவகாரமே வெளியே வந்தது. எஸ்.பி.எம். எழுதிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் நம் தங்கைகளின் வயதுதான் கிருஷாந்திக்கு. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012 டிசம்பரில் இலங்கைக்காக வெளியிட்ட வழிகாட்டியில், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் உள்ள பெண்களை ஆபத்துக்குள்ளாகும் தனிப் பிரிவாகவே சேர்த்தது.

2010 ஏப்ரலில் நம் பினாங்குக் கடற்பகுதியிலேயே ஒரு படகு நின்றது. அதில் இலங்கைத் தமிழர்கள் 75 பேர் இருந்தார்கள். ஆஸ்திரேலியா போக வேண்டியவர்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த அந்தப் படகிலிருந்து இறங்க அவர்கள் மறுத்தார்கள்; இறங்கிய பிறகு தடுப்பு முகாமில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. பாட்டி அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு அழுததாக அம்மா சொல்வார். "நம்ம பிள்ளைகள்" என்றாராம். இன்று ரோஹிங்யாக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே வீட்டில் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

சரி, மலேசியாவுக்கு வருவோம். மேலே சொன்ன வழக்குகளில் எல்லாம் பெண் தோற்றாலும் வென்றாலும், வாதாட ஒரு நீதிமன்றமாவது இருந்தது. நம் நாடு 1951 ஒப்பந்தத்திலும் 1967 கூடுதல் ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. அகதி என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் வரையறை கிடையாது. 1959/63ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு வகை மனிதர்கள்தாம்: செல்லுபடியான அனுமதியோடு வந்தவர், அது இல்லாமல் வந்தவர். இரண்டாம் வகையினருக்கு 6ஆம் பிரிவின் கீழ் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே; அதோடு 6 பிரம்படி வரை கொடுக்கலாம். பெண்களுக்குப் பிரம்படி கிடையாது. பாலினத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம் சட்டம் அகதிப் பெண்ணுக்குக் காட்டும் ஒரே சலுகை அதுதான் என்று தோன்றுகிறது.

அப்படியானால் அட்டை என்கிறார்களே, அது என்ன? 1975இல் வியட்நாமியப் படகு மக்கள் வந்த காலத்திலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையம் இங்கே இயங்குகிறது. விண்ணப்பத்தை விசாரித்து, அகதி என்று ஏற்று, அட்டை தருவது அந்த ஆணையம்தான், அரசாங்கம் அல்ல. ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் இன்று பதிவில் இருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ரோஹிங்யாக்கள். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் பெண்கள். அட்டை வைத்திருப்பவரைப் போலீஸ் விட்டுவிடலாம், பிடிக்கவும் செய்யலாம். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கிடைக்கும். வேலை செய்யும் உரிமை கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு சிபாரிசுக் கடிதம்.

அந்த அட்டையைப் பெறும் வழியில்தான் பெண்ணுக்கென்றே சில தடைகள் இருக்கின்றன. ஆணையத்தின் அலுவலகம் கோலாலம்பூரில் இருக்கிறது. பினாங்கிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஆவணமில்லாத ஒருத்தி கைக்குழந்தையோடு பேருந்து ஏறி, சாலைத் தடுப்பில் மாட்டாமல் போய்ச் சேர வேண்டும். குடும்பமாகப் பதிவு செய்யும்போது கணவரே முதன்மை விண்ணப்பதாரராகவும் மனைவி அவருடைய கோப்பில் ஒரு பெயராகவும் இருப்பது வழக்கம். தனியாக நேர்காணல் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. ஆணையத்தின் விதிகளே அப்படிச் சொல்கின்றன. ஆனால் அந்த உரிமை இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தாலும், மொழிபெயர்ப்பாளராக வருபவர் அதே சமூகத்தைச் சேர்ந்த ஆணாக இருந்தால், தனக்கு நடந்ததை எப்படி அவர் முன்னால் சொல்வாள்? முதல் நேர்காணலில் சொல்லாததை இரண்டாவதில் சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற சந்தேகம் எழும். பாலியல் கொடுமையைப் பற்றிப் பேசத் தாமதமாவது இயல்பு என்று வழிகாட்டிகள் எல்லாம் எழுதி வைத்திருக்கின்றன. உலகெங்கும் தஞ்ச விண்ணப்பங்கள் தடுக்கி விழும் இடமும் அதுவே.

இன்னொரு கோடு ஆள்கடத்தல் சட்டத்தில் ஓடுகிறது. 2007ஆம் ஆண்டு சட்டத்தின்படி, சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டவர் பாதிக்கப்பட்டவர். அவருக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கும். பணம் கொடுத்துக் கள்ளத்தனமாக எல்லை தாண்டியவர் வெறும் சட்டவிரோதக் குடியேறி. தாளில் இந்த வேறுபாடு தெளிவாகத்தான் இருக்கிறது. இப்போது இதைப் பொருத்திப் பாருங்கள். மலேசியாவுக்கு முதலில் வந்தவர்கள் ரோஹிங்யா ஆண்கள். அவர்களுக்கு மணப்பெண் தேவை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்காளதேசத்துக்கு ஓடி, காக்ஸ் பஜார் முகாம்களில் முடங்கினார்கள். அங்கே பெண் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்ற முடியாத பெற்றோர் இருக்கிறார்கள். இடையில் தரகன். படகுக் கூலியை மலேசியாவில் இருக்கும் மாப்பிள்ளை கட்டுகிறார். கடலிலோ காட்டிலோ கூலி ஏறிவிட்டால், மிச்சத்தைக் கட்டுபவர் யாரோ அவருக்கே பெண். பதினைந்து வயதில் அந்தப் படகில் ஏறியவள் கடத்தப்பட்டவளா, கள்ளத்தனமாக வந்தவளா? அவள் சம்மதித்தாள் என்று சொல்வார்கள். 2015 மே மாதம் பெர்லிஸ் வாங் கெலியானில் 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டதே, அந்தக் காட்டு முகாம்களில் இருந்தவர்களிடமும் தொடக்கத்தில் யாராவது சம்மதம் கேட்டிருக்கலாம்.

பிடிபட்டால் என்ன ஆகும்? மற்ற கைதிகளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு. குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட அந்நியருக்கு அதே பிரிவு 14 நாள் தருகிறது. பிறகு நாடு கடத்தும் வரை தடுப்பு முகாம். எவ்வளவு காலம் என்ற உச்சவரம்பு சட்டத்தில் இல்லை. 2019 ஆகஸ்டிலிருந்து அந்த முகாம்களுக்குள் போக ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். யார் அகதி என்று தீர்மானிக்கும் ஒரே அமைப்பு, அதைக் கேட்க வேண்டியவர்கள் இருக்கும் இடத்துக்குள் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் பெண் தஞ்சம் கேட்க விரும்பினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை.

2022 ஏப்ரல் 20 அதிகாலையை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கெடா எல்லையில் இருந்த தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்யாக்கள் தப்பி ஓடினார்கள். ஜாவி அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஆறு பேர் வாகனம் மோதி இறந்தார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு சிறுவன், ஒரு சிறுமி. ஈப்போவிலிருந்து பினாங்கு வரும்போதெல்லாம் அந்த இடத்தைத் தாண்டித்தான் வருகிறோம்.

இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது என்னை மிகவும் யோசிக்க வைத்தது அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு. முதல் உட்பிரிவு, சட்டத்தின் முன் 'எல்லா மனிதரும்' சமம் என்கிறது. இரண்டாம் உட்பிரிவு, மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் பெயரால் 'குடிமக்களுக்கு' எதிராகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பாலினம் என்ற சொல் 2001இல்தான் அதில் சேர்க்கப்பட்டது. ஆக, பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டாதே என்று சொல்லும் ஒரே வரி அகதிப் பெண்ணைத் தொடாமல் போகிறது. படிவம் ஐந்தில் இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். 'குடிமக்கள்' என்ற சொல் கண்ணில் பட்டதே இல்லை.

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தில், சீடா என்று சொல்கிறோமே அதில், மலேசியா 1995இல் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின் குழு 2014இல் 32ஆம் எண் பொதுப் பரிந்துரையை வெளியிட்டு, தஞ்சம் கேட்கும் பெண்களுக்கும் ஒப்பந்தம் பொருந்தும் என்று விளக்கியது. பிறகென்ன என்று தோன்றலாம். ஆனால் நாடு கையெழுத்திட்ட ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் சட்டமாகாத வரை நீதிமன்றத்தில் எடுபடுமா என்பது இங்கே தீராத வழக்கு. கர்ப்பமாக இருந்ததால் வேலை இழந்த தற்காலிக ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் சீடாவை ஏற்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டில் விமான நிறுவன ஊழியர் ஒருவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சீடாவுக்கு இங்கே சட்ட வலு இல்லை என்றுவிட்டது. மலேசியக் குடிமகளுக்கே இந்த நிலை.

இருந்தும், நம் சட்டப் புத்தகத்தில் கதவுகளே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் குடியுரிமையைக் கேட்பதில்லை. பதிவு செய்யப்படாத, மதச் சடங்கின்படி மட்டும் நடந்த திருமணத்தில் உள்ள மனைவியையும் அது மனைவியாக ஏற்கிறது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்துக்கு 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் சிறார்தான். மலேசியச் சிறார் என்று அது பிரிக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கான ஒரே கூரை நெருக்கடி மையங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் 1994இல் தொடங்கியது அந்தத் திட்டம். பட்டர்வொர்த்தில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு 2018 முதல் கிளினிக் நடத்துகிறது. பினாங்கில் மாற்றத்துக்கான பெண்கள் மையம் போன்ற அமைப்புகள் ஆலோசனை தருகின்றன.

கதவுகளுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருப்பதுதான் பிரச்சினை. சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று, ஆவணமில்லாத நோயாளியைப் பற்றிப் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. எனவே விலா எலும்பு முறிந்த பெண் மருத்துவமனைக்குப் போவதற்கு முன் இரண்டு ஆபத்துகளை நிறுத்துப் பார்க்க வேண்டும்: வீட்டிலிருக்கும் ஆபத்து பெரிதா, வெளியிலிருக்கும் ஆபத்து பெரிதா? அடிப்பவனுக்கும் இது தெரியும். ஹொஃப்மன் பிரபு சொன்ன போட்டிக் கடைக்காரன் நினைவுக்கு வருகிறானா? போலீஸ் வராது என்ற துணிச்சல் அவனுக்கு. இங்கே போலீஸ் வந்தால் அவளைத்தான் பிடிக்கும் என்ற துணிச்சல். தன் நாட்டில் பட்ட துன்புறுத்தலின் அதே அமைப்பு, தஞ்சம் தேடி வந்த நாட்டிலும் அவளுக்குக் காத்திருக்கிறது.

மூன்றாம் நாட்டுக்குப் போகும் வழி இன்னும் குறுகிவிட்டது. மீள்குடியேற்றத்துக்கு ஆணையம் பரிந்துரைக்கும் பிரிவுகளில் 'ஆபத்திலுள்ள பெண்களும் சிறுமிகளும்' என்பதும் ஒன்று. இங்கிருந்து அப்படிப் போனவர்களில் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்ட நாடு அமெரிக்கா. 2025 ஜனவரியில் அது தன் அகதிகள் திட்டத்தை நிறுத்தி வைத்தது.

நண்பர்களிடம் இதைப் பேசினால் ஒரு பதில் தவறாமல் வரும்: நம் மக்களில் எத்தனை பேர் பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு அலைகிறார்கள், முதலில் அதைப் பார்க்கக் கூடாதா? நியாயமான கேள்வி. என் தாத்தாவின் தம்பி சாகும்வரை சிவப்பு அட்டையோடுதான் இருந்தார். தோட்டத்தில் பிறந்த மனிதர். அவரைப் பார்த்து வளர்ந்ததால்தான், ஒரு காகிதம் இல்லாததால் ஒரு மனிதரின் வாய் எப்படி அடைபடும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டு பேரில் யாருக்கு முதலில் என்று வரிசை போடுவதால் இருவரில் யாருக்கும் காகிதம் கிடைத்துவிடப் போவதில்லை. ஐரீன் பெர்னாண்டஸ் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட கொடுமையை 1995இல் எழுதினார். அதற்காகப் பதின்மூன்று ஆண்டுகள் வழக்கை இழுத்துக்கொண்டு நடந்து 2008இல்தான் விடுதலையானார். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

சலுகை காட்டினால் இன்னும் படகு படகாக வருவார்களே என்ற இன்னொரு வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அரசாங்கத்துக்கு அந்தக் கவலை இருப்பது இயல்பு. ஆனால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, எவரையும் அச்சட்டத்திலிருந்து விலக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஆச்சே மக்களுக்கு ஐஎம்எம்13 என்ற தற்காலிக அனுமதி வழங்கினோம். 2015இல் 3,000 சிரியர்களை ஏற்பதாக அறிவித்தோம். வன்முறையிலிருந்து ஓடிவரும் பெண்ணும் சிறுமியும் புகார் கொடுக்கும்போது குடிநுழைவுக் குற்றத்துக்காகப் பிடிக்கப்பட மாட்டார்கள் என்று ஒரே ஒரு விலக்கு உத்தரவு வந்தால், குடும்ப வன்முறைச் சட்டமும் சிறார் சட்டமும் அவர்களுக்கு உயிர் பெறும். அதற்காக 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதுகூட இல்லை. கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஆண்டுகள் ஆகலாம். பதினான்கு வயதுக்கு அவ்வளவு நேரமில்லை.

என் கைப்பேசியில் தாலியான் காசே எண் 15999 இருக்கிறது. சிறார் மணம் என்று சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண். இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் வைத்துவிட்டேன். அழைத்தால் அந்தப் பெண் காப்பாற்றப்படலாம். அவளுடைய அம்மாவும் இரண்டு தம்பிகளும் தடுப்பு முகாமில் இருக்கலாம். அழைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். எது சரி என்று சட்டம் படிக்கும் என் தோழியிடம் கேட்டேன். அவளும் உடனே பதில் சொல்லவில்லை.

கடைசியில் மையத்தின் ஆசிரியர் வழியாக, பெண்களுக்கு ஆலோசனை தரும் ஓர் அமைப்பின் ஊழியர் அவள் அம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். மூன்று முறை போனாராம். நோன்பு மாதம் முடியும் வரை பார்ப்போம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். போன சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். விடைகளை முணுமுணுக்கவில்லை. ஆனால் கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தாள்.